மேய்ச்சல் நாட்டின் வெள்ளிக் காசு: தங்க நாடோடிக் கூட்டத்தின் திர்ஹம்கள்

கேட்கப்பட்டது மூன்று விஷயம். தங்க நாடோடிக் கூட்டம் என்று வரலாற்றில் சொல்லப்படும் மங்கோலியக் கானகம் (கானின் அரசு) குதிரையும் ஆடும் மேய்த்த கூட்டம்தானே, அவர்களுக்குத் திர்ஹம் என்ற வெள்ளிக் காசு எதற்கு? அந்தக் காசுகளில் மங்கோலிய மொழிக்குப் பதிலாக அரபி எழுத்து ஏன்? மாஸ்கோ இளவரசரின் காசில் கானின் பெயர் எப்படி வந்தது?

முதல் கேள்விக்குச் சுருக்கமான பதில்: அந்தக் காசு மேய்ச்சல்காரருக்காக அடிக்கப்பட்டதே இல்லை. ஊருக்காகவும் சந்தைக்காகவும், எல்லாவற்றுக்கும் மேலாகக் கானின் கருவூலத்துக்காகவும் அடிக்கப்பட்டது. புல்வெளியில் கூடாரம் போட்டு வாழ்ந்தவருக்குக் குதிரையே செல்வம். வோல்கா நதிக்கரையில் கடை வைத்திருந்தவருக்கு அப்படி இல்லை. இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்ற இரண்டுக்கும் விடை கிடைத்துவிடும். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இந்தக் காசுகளைப் பார்ப்பவர்கள் முதலில் கானின் பெயரைத்தான் தேடுகிறார்கள். என் அனுபவத்தில் பெயரைவிட அடித்த ஊரும் எடையும்தான் அதிகம் பேசும். பெயர் பல நேரம் பொய் சொல்லும்.

செங்கிஸ் கானின் மூத்த மகன் சூச்சி. அவருடைய மகன் படு 1236இல் மேற்கே படையெடுத்தார். 1240 முடிவதற்குள் வோல்கா பல்கார், கிப்சாக் புல்வெளி, ரஷ்ய நகரங்கள், கீவ் எல்லாம் அவர் கைக்கு வந்தன. தெற்கே கிரிமியாவும் கிழக்கே க்வாரசமும் இந்த ஆட்சிக்குள் அடக்கம். இத்தனை பெரிய நிலத்தில் ஏற்கெனவே காசு புழங்கிய இடங்களும் இருந்தன, நூறாண்டுக்கு மேல் காசே காணாத இடங்களும் இருந்தன. ரஷ்யப் பகுதிகள் இரண்டாவது வகை. அங்கே 12ஆம் நூற்றாண்டு முதல் 14ஆம் நூற்றாண்டின் பிற்பாதி வரை சொந்தக் காசு கிடையாது. பெரிய கொடுக்கல் வாங்கலெல்லாம் வெள்ளிக் கட்டியில்தான் நடந்தது. வோல்கா பல்கார் முதல் வகை. வணிக நகரம், முஸ்லிம் நகரம், காசடிக்கத் தெரிந்த கைகள் இருந்த நகரம். அதனால் மங்கோலியர் ஆட்சியில் முதல் காசுகள் வெளிவந்தது அங்கேதான்.

அந்த முதல் காசுகளில் எந்தக் கானின் பெயரும் இல்லை. இருப்பது பாக்தாதின் கலீபா அல்-நாசிரின் பெயர். அவர் இறந்தது 1225இல். மங்கோலியர் பல்காரைப் பிடித்தது அதற்குப் பத்தாண்டுக்கும் பிறகு. இறந்துபோனவர் பெயரில் ஏன் காசு அடிக்க வேண்டும்? அந்தப் பெயர் பொறித்த காசைச் சந்தையில் எல்லோரும் வாங்கினார்கள் என்பதுதான் காரணம் என்று எனக்குப் படுகிறது. புதிதாக வந்த படையெடுப்பாளனின் பெயரைப் போட்டால் வாங்குபவன் இரண்டு முறை யோசிப்பான். பழகிய பெயர் என்றால் கேள்வி வராது.

அப்புறம், மங்கோலியர் எல்லோருக்கும் மேலான பெருங்கான் மோங்கேயின் பெயர் வந்தது. அவர் 1259இல் இறந்ததும் தம்பிகள் குப்லாயும் அரிக் போகேயும் அரியணைக்காக மோதிக்கொண்டார்கள். வோல்காவில் அப்போது ஆண்டவர் பெர்கே. அவர் எந்தப் பக்கம் என்று பல்கார் அக்கசாலை, அதாவது காசடிக்கும் கூடம், சொல்லிவிட்டது. அங்கே அரிக் போகேயின் பெயரில் காசு அடிக்கப்பட்டது. தோற்கப்போகிறவர் பெயர்! 1264இல் அரிக் போகே சரணடைந்ததோடு அந்தக் காசுக்கும் பொருள் போய்விட்டது. ஆனால் பெர்கே யாரை ஆதரித்தார் என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பெர்கேக்குப் பின் வந்த மெங்கு திமூர் (1266–1280) காலத்தில் நிலைமை தலைகீழாகிறது. ஹிஜ்ரி 665இலேயே, அதாவது 1266–67இல், கிரிமியாவில் அவர் காசு அடிக்கத் தொடங்கிவிட்டார். காசின் மேல் படு வம்சத்தின் தம்கா ஏறுகிறது. தம்கா என்பது குதிரைக்குச் சூடு போடும் குடும்ப அடையாளம். எழுத்துத் தெரியாதவனுக்கும் இது யாருடைய காசு என்று தெரிந்துவிடும். மங்கோலியாவிலோ சீனாவிலோ இருக்கும் பெருங்கானின் பெயர் அப்போதிலிருந்து தேவைப்படவில்லை. 1269இல் தலாஸ் நதிக்கரையில் கூடி மத்திய ஆசியாவைப் பங்கு போட்டபோது மெங்கு திமூரின் ஆட்களும் அங்கே இருந்தார்கள். வரலாற்று நூல்கள் தங்க நாடோடிக் கூட்டம் தனி அரசானதற்கு அந்தச் சந்திப்பைச் சான்று காட்டும். காசு அதற்கு முன்பே சொல்லிவிட்டது.

அரபி எழுத்துக் கேள்விக்கு இங்கேயே பதில் சொல்லிவிடலாம். கானுக்கு என்ன மொழி தெரியும் என்பது அக்கசாலைக்குத் தேவையில்லாத விஷயம். அச்சு வெட்டிய கொல்லனுக்கும் காசை எண்ணி வாங்கிய வணிகனுக்கும் பழகிய எழுத்து எது என்பதுதான் கணக்கு. பல்காரிலும் க்வாரசமிலும் கிரிமியாவிலும் அது அரபி. கானின் மதம்கூடப் பெரிதாகக் குறுக்கிடவில்லை. தோக்தா கான் (1291–1312) முஸ்லிம் ஆகவில்லை. ஆனாலும் அவர் காசில் "நீதியுள்ள சுல்தான்" என்று அரபியில்தான் இருக்கிறது. அதே சமயம் மங்கோலிய எழுத்தே இல்லை என்பதும் சரியில்லை. மங்கோலியர் தம் மொழியை எழுதப் பயன்படுத்திய உய்கூர் எழுத்து தோக்தாவின் சில காசுகளிலும், பல பத்தாண்டு கழித்து வந்த தோக்தமிசு கானின் சில காசுகளிலும் உண்டு. அது அரசவையின் கையெழுத்து மாதிரி ஓர் ஓரத்தில் நிற்கும்.

இனி வெள்ளி எங்கிருந்து வந்தது? எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

புல்வெளியில் சொல்லும்படியான வெள்ளிச் சுரங்கம் கிடையாது. எல்லாம் வெளியிலிருந்து வர வேண்டும். ஒரு வழி கப்பம். ரஷ்ய இளவரசர்கள் ஆண்டுதோறும் வெள்ளி கொண்டுவந்து கொட்டினார்கள். அந்த வெள்ளியை அவர்கள் பெற்றது, பெரும்பாலும் நோவ்கொரோத் வழியாக, மேற்கு ஐரோப்பிய வணிகருக்கு மென்மயிர்த் தோலும் மெழுகும் விற்று. இன்னொரு வழி கருங்கடல். கிரிமியாவின் கஃபாவில் ஜெனோவாக்காரர்களும், தோன் நதி முகத்தில் இருந்த அசாக்கில் (இத்தாலியர் அந்த ஊரை 'தானா' என்றார்கள்) வெனிஸ்காரர்களும் ஜெனோவாக்காரர்களும் கடை போட்டிருந்தார்கள். அவர்கள் வாங்கியவை தானியம், மீன், தோல், மெழுகு. மனிதர்களையும் வாங்கினார்கள். கிப்சாக் சிறுவர்களை எகிப்தின் மம்லூக் சுல்தான்கள் படைக்கு எடுத்தார்கள். அவர்களை ஏற்றிச் சென்றவை பெரும்பாலும் இத்தாலியக் கப்பல்கள். இந்த அழகான சிறிய வெள்ளிக் காசுகளில் ஒரு பங்கு விற்கப்பட்ட பிள்ளைகளின் விலை என்பதைக் காசுப் பட்டியல்கள் சொல்வதில்லை. மூன்றாவதாக ஒரு கருத்தும் இருக்கிறது. சீனாவில் யுவான் அரசு தாள் பணத்தைப் புகுத்தி வெள்ளியைப் புழக்கத்திலிருந்து எடுத்ததால், அந்த வெள்ளி மேற்கே பாய்ந்து ஆசியா முழுக்க வெள்ளிக் காசு பெருகியது என்பார்கள் சிலர். காலம் பொருந்துகிறது. ஆனால் வோல்காவுக்கு வந்த வெள்ளியில் எவ்வளவு கிழக்கிலிருந்து வந்தது என்பதில் நான் அவசரப்பட மாட்டேன்.

வந்த வெள்ளி பெரும்பாலும் காசாக வரவில்லை, கட்டியாக வந்தது. படகு வடிவில் வார்த்த, ஏறத்தாழ 200 கிராம் எடையுள்ள கட்டி. உள்ளூரில் அதற்குப் பெயர் சும். இத்தாலியர் சொம்மோ என்று எழுதினார்கள். பெரிய வியாபாரம், கப்பம் எல்லாம் சும்மில். சந்தையில் ரொட்டியும் துணியும் வாங்கக் காசில். கட்டியைக் காசாக்க வேண்டுமென்றால் அக்கசாலைக்குப் போக வேண்டும்.

அங்கே என்ன நடந்தது என்று பிரான்செஸ்கோ பெகோலோத்தி என்ற ஃபுளோரன்ஸ் வணிக முகவர் 1330களை ஒட்டி எழுதி வைத்திருக்கிறார். தானா அக்கசாலையில் ஒரு சொம்மோ வெள்ளியிலிருந்து 202 காசு அடிப்பார்கள். கொண்டுவந்தவனுக்குத் திரும்பக் கொடுப்பது 190. மிச்சம் 12 அக்கசாலையின் வேலைச் செலவுக்கும் லாபத்துக்கும். நம் ஊர் நகைக்கடையில் செய்கூலி, சேதாரம் என்று பிடிப்பார்களே, அதேதான். கணக்குப் போட்டால் நூற்றுக்கு ஆறு கிட்ட வருகிறது.

அந்த ஆறைப் பிடித்துக்கொண்டால் கான்களின் காசுக் கொள்கை முழுவதும் புரிந்துவிடும். வெள்ளி அக்கசாலைக்குள் வரும் ஒவ்வொரு முறையும் கருவூலத்துக்கு லாபம். ஒரே வெள்ளி திரும்பத் திரும்ப வந்தால் லாபமும் திரும்பத் திரும்ப. பழைய காசு செல்லாது, கொண்டுவந்து புதிதாக மாற்றிக்கொள் என்று ஆணை போட்டால் போதும்.

தோக்தா இதைத்தான் செய்தார். அவருக்கு முன் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு காசு, ஒரு எடை. பல்கார் காசு கிரிமியாவில் செல்லாது, கிரிமியக் காசு க்வாரசமில் செல்லாது. மேற்குக் கோடியில் நிலைமை இன்னும் மோசம். கான்களை ஏற்றி இறக்கிய படைத்தலைவர் நோகாய், தன்யூப் கரையில் இருந்த சக்சியில் தன் பெயரிலும் மகன் சகாவின் பெயரிலும் காசு அடித்துக்கொண்டிருந்தார். 1299–1300 வாக்கில் தோக்தா அவரைப் போரில் ஒழித்தார். 1307இல் இத்தாலிய வணிகர் மேல் கை வைத்தார். புல்வெளிப் பிள்ளைகளை அடிமைகளாக விற்கிறார்கள் என்பது அவர் கோபத்துக்குச் சொல்லப்பட்ட காரணம். அடுத்த ஆண்டு ஜெனோவாக்காரர்களே கஃபாவைக் கொளுத்திவிட்டுக் கப்பல் ஏறினார்கள். பிறகு ஹிஜ்ரி 710இல் (1310–11) தலைநகர் சராயில் புதுக் காசு வந்தது. சுமார் ஒன்றரை கிராம் எடை, ஒரே மாதிரி தோற்றம், நல்ல மாற்று வெள்ளி.

இது சீர்திருத்தம் என்று எப்படித் தெரியும்? அரசாணை எதுவும் கிடைக்கவில்லை. காசுப் புதையல்கள்தான் சாட்சி. வோல்கா பக்கத்தில் 1310க்குப் பிறகு புதைக்கப்பட்ட பானைகளைத் திறந்தால் அதற்கு முந்தைய உள்ளூர்க் காசுகள் அநேகமாக இருப்பதே இல்லை. மக்கள் தாமாக முன்வந்து பழைய வெள்ளியை எல்லாம் தூக்கி எறிந்திருக்க மாட்டார்கள். இழுத்து வாங்கி உருக்கியிருக்கிறார்கள். ஒவ்வொரு கட்டிக்கும் 12 காசு!

புதையல்களை இப்படி வரிசைப்படுத்திப் படிக்கக் கற்றுக்கொடுத்தவர் சோவியத் தொல்லியலாளர் கெர்மன் ஃபியோதரோவ் தாவிதவ். அவருக்கு நூறாண்டுக்கும் முன்னால் இந்தத் துறையைத் தொடங்கியவர் கிறிஸ்தியான் ஃப்ரேன் என்ற ஜெர்மானியர். 1807இல் கசான் பல்கலைக்கழகத்துக்கு வேலைக்கு வந்தவர். அங்கே அச்சகத்தில் லத்தீன் எழுத்து இல்லாததால் காசுகளைப் பற்றிய தன் முதல் ஆய்வை அரபியிலேயே அச்சிட்டாராம். பாராட்டத்தான் வேண்டும்.

தோக்தாவுக்குப் பிறகு உஸ்பெக் (1313–1341), அவர் மகன் ஜானிபெக் (1342–1357). காசு சேகரிப்பவர்கள் கையில் அதிகம் இருப்பது இந்த இருவருடைய காசுகளே. இஸ்லாம் அரச மதமாகிவிட்டது. கலிமா என்ற இஸ்லாமிய நம்பிக்கை வாசகமும் "சுல்தான் முகமது உஸ்பெக் கான்" என்ற பெயரும் காசில் பளிச்சென்று நிற்கும். 1330களில் சராய்க்கு வந்த இபன் பதூதா, உலகின் அழகான நகரங்களில் ஒன்று என்று அதைப் புகழ்கிறார். மங்கோலியர், ஆலன்கள், கிப்சாக்குகள், சர்க்காசியர், ரஷ்யர், கிரேக்கர் என்று ஒவ்வொரு சாதிக்கும் ஒரு பேட்டை. அவர் சொல்லும் ஒரு விலை காசுக்காரர்களுக்குப் பொக்கிஷம்: அந்த நாட்டில் நல்ல குதிரை 50, 60 திர்ஹமுக்குக் கிடைக்கும். அதே குதிரைகள் மந்தை மந்தையாகச் சிந்து வழியே இந்தியாவுக்கு ஓட்டப்பட்டு அங்கே பல மடங்கு விலைக்கு விற்கப்பட்டன. வோல்காவின் கீழ்ப்பகுதியில் டெல்லி சுல்தான்களின் தங்கக் காசுகள் தோண்டி எடுக்கப்பட்டிருப்பதற்கு இந்தக் குதிரை வியாபாரம்தான் பொருத்தமான விளக்கம்.

சில்லறைக்குச் செம்பில் பூல் என்ற காசு. 1330களில் சராயில் அடித்த ஒரு பூலில் சிங்கமும் அதன் முதுகுக்கு மேல் சூரியனும் இருக்கும். கூடவே, 16 பூல் ஒரு தாங் என்று மாற்று விகிதமும் எழுதியிருக்கும். தாங் என்று சொல்வது இந்த வெள்ளித் திர்ஹமைத்தான். செம்புக்கும் வெள்ளிக்கும் உள்ள கணக்கைக் காசின் மேலேயே பொறித்துவிட்டால் காசு மாற்றுபவன் ஏமாற்ற முடியாது. அதைவிட, செம்பின் சந்தை விலை என்னவாக இருந்தாலும் அரசு சொன்ன விலைக்குத்தான் வாங்க வேண்டும் என்ற கட்டளையும் அதில் இருக்கிறது. செம்பில் அரசுக்குக் கிடைத்த லாபம் வெள்ளியில் கிடைத்ததைவிடப் பெரிது.

இந்தக் காலத்தில் அக்கசாலை ஊர்கள் பெருகுகின்றன. பழைய சராய், புதிய சராய், அசாக், கிரிம், பல்கார், மோக்ஷி, க்வாரசம், ஹாஜி தர்கான், 1350களில் குலிஸ்தான். இவற்றில் குலிஸ்தான் எங்கே இருந்தது என்பதில் இன்னும் சண்டை. புதிய சராய் என்பது தனி நகரமா, பழைய சராயின் புதுப் பகுதியா என்பதிலும் சண்டை. அஸ்திரகான் பக்கத்துச் செலித்ரென்னோயே, வோல்ககிராத் பக்கத்துச் சாரேவ் ஆகிய இரண்டு இடிபாடுகளில் எதில் எந்தக் காசு எத்தனை கிடைத்தது என்று எண்ணித்தான் வாதம் செய்கிறார்கள். அதனால்தான் உலோகம் காணும் கருவியோடு புல்வெளியில் அலைந்து காசு பொறுக்கி இணையத்தில் விற்பவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். எந்தக் குழியில், எதோடு சேர்ந்து கிடைத்தது என்று தெரியாத காசு பாதி ஊமை. ரஷ்யாவில் 2013இல் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். வரத்து நின்றபாடில்லை.

ஜானிபெக் கடைசியாகச் செய்தது பெரிய காரியம். 1357இல் காகசஸைத் தாண்டித் தப்ரீஸைப் பிடித்தார். பாரசீகத்தை ஆண்ட பங்காளி வம்சத்தோடு நூறாண்டாக எந்த ஊருக்காகச் சண்டையோ, அந்த ஊர். உடனே தப்ரீஸில் ஜானிபெக் பெயரில் வெள்ளிக் காசு. ஆனால் எடையைப் பாருங்கள், வோல்கா எடை இல்லை, உள்ளூர்ப் பாரசீக எடை. பெயரை மாற்றலாம், சந்தையின் எடையை ஒரே நாளில் மாற்ற முடியாது என்று கானின் ஆட்களுக்குத் தெரிந்திருக்கிறது. சில மாதங்களில் ஜானிபெக் இறந்தார், தப்ரீஸும் கைவிட்டுப் போயிற்று.

அவர் மகன் பெர்திபெக் உறவினரையெல்லாம் கொன்று குவித்தார், 1359இல் தானும் கொல்லப்பட்டார். படுவின் வம்சம் அதோடு முடிந்தது. அடுத்த இருபது ஆண்டுகளை ரஷ்ய நாளாகமங்கள் பெருங்கலகம் என்கின்றன. இருபதுக்கும் மேற்பட்ட கான்கள். யார், எப்போது, எந்த ஊரில் என்று எழுத்து ஆவணங்களை மட்டும் வைத்துக்கொண்டு சொல்லவே முடியாது. காசை வைத்துத்தான் அந்த வரிசையை மீட்டார்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. ஹிஜ்ரி 762 என்பது 1360 நவம்பரிலிருந்து 1361 அக்டோபர் வரை. அந்த ஒரே ஆண்டு எண்ணோடு கிஸ்ர், திமூர் கோஜா, ஓர்து மெலிக், கில்திபெக் என்று நான்கு கான்களின் வெள்ளிக் காசு இருக்கிறது. கிஸ்ர் தன் மகன் திமூர் கோஜாவின் கையால் செத்தார் என்கிறார்கள். மகன் சில வாரங்களே நின்றார். கில்திபெக் தன்னை ஜானிபெக்கின் மகன் என்று சொல்லிக்கொண்டு வந்தவர். பலர் அதை நம்பவில்லை. இத்தனை குறுகிய காலத்தில் அச்சு வெட்டி, வெள்ளி உருக்கி, காசு அடித்து வெளியிட வேண்டுமென்றால், அரியணையில் உட்கார்ந்த கையோடு அக்கசாலைக்குத்தான் ஆள் போயிருக்க வேண்டும். படைக்குச் சம்பளம் கொடுக்கவும் வேண்டும், பெயரை ஊரறியச் செய்யவும் வேண்டும். வெள்ளிக்கிழமைத் தொழுகையுரையில் பெயர் வாசிக்கப்படுவதும் காசில் பெயர் இருப்பதும்தான் அந்த உலகில் அரசனுக்கு அடையாளம்.

இந்த வரிசையில் ஒரு பெண் பெயரும் உண்டு. தூலுன்பெக் கானும். 1370–71ஐ ஒட்டிப் புதிய சராயிலும் மோக்ஷியிலும் அவர் பெயரில் காசு வெளிவந்தது. காசு மட்டும் கிடைக்காமல் போயிருந்தால் அப்படி ஒருவர் அரியணைப் பெயரோடு இருந்தார் என்பதே நமக்குத் தெரிந்திருக்காது.

பெயர் பொய் சொல்லும் என்று முன்னால் சொன்னேன். மாமை அதற்கு நல்ல உதாரணம். இருபது ஆண்டுக் கலகத்தில் மிகப் பெரிய படை வைத்திருந்தவர் அவர். வோல்காவின் மேற்குக் கரையும் கிரிமியாவும் அவர் பிடியில். ஆனால் அவர் செங்கிஸ் கானின் ரத்தம் இல்லை, அதனால் கான் ஆக முடியாது. அப்துல்லா, அவருக்குப் பின் முகமது என்று செங்கிஸ் வழி வந்தவர்களை அரியணையில் வைத்துக்கொண்டு ஆண்டார். காசில் அந்தப் பொம்மைக் கான்களின் பெயர்தான். ஊர் இருக்க வேண்டிய இடத்திலோ பல காசுகளில் "ஓர்தா" என்று இருக்கும், கானின் பாளையம் என்ற பொருளில். நிலையான தலைநகர் கையில் இல்லை, போகும் இடத்துக்கெல்லாம் அக்கசாலையும் கூடவே போகிறது. பெயரை மட்டும் படித்தால் அப்துல்லா பெரிய அரசர். "ஓர்தா" என்ற அந்த ஒரு சொல்லைப் படித்தால் புதிய சராய் எத்தனையோ முறை அவர்கள் கையை விட்டுப் போனது புரியும்.

1380இல் குலிகோவோ போரில் மாஸ்கோ இளவரசர் திமித்ரி, மாமையைத் தோற்கடித்தார். ஆனால் மாமையை முடித்தவர் கிழக்கிலிருந்து வந்த தோக்தமிசு. அவர் செங்கிஸ் வழி, யாருடைய பெயரும் கடன் வாங்க வேண்டியதில்லை. ஹிஜ்ரி 782இல் (1380–81) அவரும் பழைய வழியில் இறங்கினார், புதுக் காசு, குறைந்த எடை, ஏறத்தாழ 1.4 கிராம். இம்முறை எல்லோரும் அக்கசாலைக்கு ஓடவில்லை. அந்தக் காலப் புதையல்களில் உஸ்பெக், ஜானிபெக் காசுகள் விளிம்பு வெட்டப்பட்டுக் கிடைக்கின்றன. பழைய காசைப் புது எடைக்கு நறுக்கிவிட்டு, நறுக்கிய துண்டை வைத்துக்கொண்டார்கள். உடைந்த காசு என்று சேகரிப்பவர்கள் ஒதுக்கும் இந்த வெட்டுக் காசுகள்தான் எனக்கு முழுக் காசைவிட உசத்தி.

சராய், அசாக், கிரிம், ஹாஜி தர்கான், க்வாரசம், காகசஸுக்குத் தெற்கே தெர்பெந்து, பாகூ, ஷமாக்கி என்று தோக்தமிசின் காசு அடித்த ஊர்களை வரைபடத்தில் குறித்தால் அவருடைய ஆசை எவ்வளவு பெரிது என்று தெரியும். அந்த வரைபடத்தைப் பார்த்துத் தைமூர் சும்மா இருக்கவில்லை. 1395இல் தெரெக் நதிக்கரையில் தோக்தமிசை முறியடித்து, சராய், ஹாஜி தர்கான், அசாக் மூன்றையும் சூறையாடினார்.

மாஸ்கோக் காசின் கதை இந்த இடைவெளியில்தான் நடக்கிறது. திமித்ரி, குலிகோவோவை ஒட்டிய ஆண்டுகளில் சொந்த வெள்ளிக் காசு அடிக்கத் தொடங்கினார். காசு என்றால் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு அந்த நாட்டில் ஒரே முன்மாதிரிதான் இருந்தது, கானின் திர்ஹம். ஒரு பக்கம் ரஷ்ய எழுத்தில் பெரிய இளவரசர் திமித்ரியின் பெயரும் ஓர் உருவமும். மறுபக்கம் அரபி மாதிரி கிறுக்கல், அல்லது உண்மையாகவே வாசிக்கக்கூடிய அரபி: "சுல்தான் தோக்தமிசு கான், அவர் ஆயுள் நீடிக்கட்டும்." 1382இல் தோக்தமிசு மாஸ்கோவைக் கொளுத்தியிருந்தார், கப்பம் மீண்டும் தொடங்கியிருந்தது. மேலாண்மையை ஒப்புக்கொண்ட அடையாளம் என்று இதைச் சொல்வது சரிதான். ஆனால் அது மட்டும் காரணம் என்றால் கிறுக்கல் எழுத்துக்கு விளக்கம் இல்லை. யாராலும் வாசிக்க முடியாத கிறுக்கல் கானுக்கு என்ன மரியாதை செய்யும்? வாங்குபவனுக்குப் பழகிய தோற்றம் வேண்டும் என்ற சந்தைக் காரணமும் கூடவே இருந்தது, கலீபா அல்-நாசிரின் பெயரைப் பல்காரில் போட்டதுபோல. கணக்கும் கானகத்துக் கணக்குதான்: 6 தெங்கா (மாஸ்கோவின் வெள்ளிக் காசு) ஒரு அல்தின் என்று ரஷ்யர்கள் பின்னாளிலும் எண்ணினார்கள். கப்பம் நின்றுபோன மூன்றாம் இவான் காலத்து மாஸ்கோக் காசுகளிலும் அரபி எழுத்து இருக்கிறது.

தைமூருக்குப் பிறகு கானகத்தின் வெள்ளி இளைத்துக்கொண்டே போகிறது. எதிகே என்ற இன்னொரு படைத்தலைவர், மாமையைப் போலவே கான் ஆக முடியாதவர், தைமூர் குத்லுக், ஷாதிபெக், பூலாத் என்று ஒருவர் பின் ஒருவராக உட்கார வைத்தார். 15ஆம் நூற்றாண்டு நகர நகரத் திர்ஹம் ஒரு கிராமுக்கும் கீழே இறங்குகிறது. வெட்டுச் சரியில்லை, எழுத்துப் பாதி காசுக்கு வெளியே போய்விடுகிறது. ஒரே அச்சில் அடித்த பல காசுகளை வரிசையாக வைத்துத்தான் ஒரு கானின் பெயரைக் கூட்டிப் படிக்க வேண்டியிருக்கிறது. கஃபாவில் ஜெனோவாக்காரர்களே காசு அடித்தார்கள். ஒரு பக்கம் ஜெனோவாவின் கோட்டை வாயிலும் லத்தீன் எழுத்தும், மறுபக்கம் கானின் தம்காவும் அரபியும். 1421 முதல் 1435 வரை ஜெனோவா மிலான் பிரபுவின் பிடியில் இருந்ததால் அந்தப் பிரபுவின் பட்ட எழுத்துகளும் அதில் ஏறின. ஒரு கிராம்கூட இல்லாத வெள்ளியில் மிலானும் ஜெனோவாவும் மங்கோலியக் கானும்!

கிரிமியா தனி வழி போனது. சூச்சியின் வழி வந்த ஹாஜி கிரே 1441இல் அங்கே தன் பெயரில் காசு அடித்தார். அவர் வம்சம் 1475க்குப் பிறகு உதுமானியருக்குக் கீழே வந்தும் காசடிக்கும் உரிமையை விடவில்லை. அதன் கடைசிக் கான் ஷாஹின் கிரே தன் பெயரில் வெள்ளியும் செம்பும் அடித்துக்கொண்டிருந்தபோதுதான், 1783இல், ரஷ்யப் பேரரசி இரண்டாம் கேத்தரின் கிரிமியாவைத் தன் நாட்டோடு சேர்த்துக்கொண்டார்.